வெளிநாட்டில் வீட்டையும் செல்லப்பிராணியையும் பார்த்துக்கொள்ளப் போவதற்கு விசிட்டர் விசா போதுமா?

நொய்யல்வாசி (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 28. கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது அவர்களுடைய வீட்டில் தங்கி, நாய் பூனைகளைப் பார்த்துக்கொள்ள விரும்புபவர்களை இணைத்துவைக்கும் ஓர் இணையதளத்தில் சந்தா கட்டிச் சேர்ந்திருக்கிறேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஓர் அம்மையார், தாம் ஐந்து வாரம் வெளியூர் செல்லும் காலத்தில் தம் வீட்டில் வந்து தங்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அவர் எழுதியதை அப்படியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பதில் சொல்பவர்களுக்கு விவரம் தேவைப்படும். வீட்டில் இரண்டு பூனைகள். மூத்ததற்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதால் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் உணவில் கலந்து மாத்திரை கொடுக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு மேல் அதைத் தனியே விடக்கூடாது. பின்கட்டில் இருக்கும் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வியாழக்கிழமை இரவு குப்பைத் தொட்டிகளை வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும். இதற்குப் பணம் கிடையாது. தங்குவதற்கு நானும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. விமானச் செலவு என்னுடையது.

விசாவுக்காக ஓர் ஏஜென்டிடம் போனேன். "நண்பர் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிவிடுங்கள், பூனையைப் பற்றி வாயே திறக்காதீர்கள்" என்றார். அந்த அம்மையாரோ, இதற்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்களுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை என்றும், வேண்டுமானால் அழைப்புக் கடிதம் தருவதாகவும் சொல்கிறார். சம்பளமே வாங்காத ஒன்று வேலை ஆகுமா? அழைப்புக் கடிதத்தில் என்ன எழுதச் சொல்வது? இங்கிலாந்து சரிப்படாது என்றால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் முயலலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தேம்ஸ்கரை (லண்டன்)

முதலில் ஏஜென்ட் சொன்னதை மறந்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவானால் இங்கிலாந்துக்குள் பத்து ஆண்டு வரை நுழைய முடியாமல் போகும். பிற நாட்டு விசா படிவங்களிலும், இதற்கு முன் எங்காவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி வரும்போதெல்லாம் அந்தக் கதையை எழுதியாக வேண்டும். அந்த ஏஜென்ட் கட்டணத்தை வாங்கிக்கொண்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார், படிவத்தின் அடியில் இருக்கும் உறுதிமொழி உங்களுடையது.

இனி விதிக்கு வருகிறேன். விசிட்டர் விசாவை ஆளும் விதிகள், வருகையாளர் இங்கே வேலை செய்யக்கூடாது என்று சொல்வதோடு நிற்பதில்லை. வேலைக்கு அமர்வது, ஒரு நிறுவனத்துக்காக உழைப்பது, சுயதொழில் நடத்துவது, பொருளையோ சேவையையோ வழங்குவது என்று அது விரிகிறது. வீட்டையும் பிராணியையும் பார்த்துக்கொள்வது என்பது அனுமதிக்கப்பட்ட செயல்களின் வரிசையிலும் இல்லை, தடைப் பட்டியலில் பெயர் சொல்லியும் இல்லை. ஆகவே, உங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரியோ, விமான நிலையத்தில் எதிரே இருப்பவரோ, மேலே நீங்கள் எழுதியிருக்கும் அதே விவரங்களைப் படித்து, இது ஒரு சேவையா இல்லையா என்று தாமே தீர்மானிப்பார். வேளை தவறாத மாத்திரை, நான்கு மணி நேரக் கட்டுப்பாடு, அதற்கு ஈடாக ஐந்து வாரத் தங்குமிடம் என்று வாசிக்கும் ஒருவர் இதைச் சேவை என்று முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல இயலாது. இந்த ஊரில் பூனை பார்த்துக்கொள்வதைக் கட்டணத் தொழிலாகவே செய்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. செலவையோ தங்குமிடத்தையோ வேறொருவர் ஏற்பதாகச் சொன்னால், அவருக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையே உண்மையான தனிப்பட்ட உறவோ தொழில்முறை உறவோ இருக்க வேண்டும் என்று அதே விதிகள் கேட்கின்றன. இணையத்தில் சில வாரங்களுக்கு முன் அறிமுகமான அம்மையாரைத் தனிப்பட்ட உறவு என்று நிரூபிப்பது கடினம். தொழில்முறை உறவு என்று சொன்னாலோ, அதுவே வேலை என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும். அழைப்புக் கடிதம் எப்படி எழுதினாலும் இந்த இரண்டில் ஒன்றில் போய் மாட்டுகிறது. அதனால்தான் நல்ல கடிதம் இருந்தால் போதும் என்று சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை.

விசிட்டர் விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலும் மேல்முறையீட்டுக்கு வழியில்லை, மறுபடி கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

கடற்காகம் (சிங்கப்பூர்)

மேலே எழுதியவரின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் இது தேவைக்கு மேற்பட்ட அச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் சில ஆண்டுகளாக ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் இப்படித்தான் விடுமுறையைக் கழிக்கிறேன். நாய்களோடு நடக்கிறேன், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், நாடு திரும்புகிறேன். எந்த விமான நிலையத்திலும் ஒரு கேள்விகூட வந்ததில்லை. வீட்டுக்காரரும் விருந்தினரும் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி இது. இதைக் கூலி வேலையோடு சேர்த்துப் பேசுவது, இந்த ஏற்பாட்டில் இருக்கும் நல்லெண்ணத்தையே கொச்சைப்படுத்துவதாகும். சகோதரி துணிந்து போய்வரட்டும்.

தேம்ஸ்கரை (லண்டன்)

நண்பரே, நல்லெண்ணம் இருப்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்று எண்ணுகிறேன். உங்களுக்கு இங்கிலாந்து வர விசா தேவையில்லை, மின்னணுப் பயண அனுமதி வாங்கினால் போதும். எங்கே தங்குகிறீர்கள், யார் செலவு, என்ன திட்டம் என்று முன்கூட்டியே பக்கம் பக்கமாக எழுதிக் கையொப்பமிடும் கட்டாயம் உங்களுக்கு வந்ததேயில்லை. பிரிஸ்டல் அம்மையார் சொல்லும் ஆஸ்திரேலியரும் கனடாக்காரரும் அப்படிப்பட்டவர்களே. இணையத்தில் இதைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் மிகப் பெரும்பகுதி விசா வாங்காமல் பயணம் செய்பவர்கள் எழுதியது. "கேட்டால் மட்டும் சொல்லுங்கள்" என்பது அவர்களுக்கு ஒரு வழியாக இருக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவரிடம் கேள்வி முதலிலேயே, எழுத்திலேயே கேட்கப்படுகிறது. மௌனமாக இருக்கும் வசதி நமக்கு இல்லை. ஒன்று உண்மையை எழுத வேண்டும், இல்லையேல் பொய் எழுத வேண்டும்.

இன்னொன்று. இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது அனுமதி இருப்பதற்கு ஆதாரமாகாது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளை எடுத்துக்கொண்டால், எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற கணக்கு அங்கு வருகையாளர் எல்லாருக்கும் பொது. 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுத்து, வருகையையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு தாவி மாதக்கணக்கில் ஐரோப்பாவில் தங்குபவர்கள் இனி நாள்கணக்கில் கண்ணுங்கருத்துமாக இருக்க வேண்டும். பிரான்ஸில் தனியார் வீட்டில் தங்கப் போகிறவருக்கு, வீட்டுக்காரர் தம் ஊர் நகராட்சி அலுவலகத்தில் வரவேற்புச் சான்று வாங்கித் தர வேண்டும். தம் வீட்டில் விருந்தினரை வைத்துக்கொள்வதாக அளிக்கும் உறுதி அது. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறவர் அதை எப்படி மனச்சான்றோடு கொடுப்பார் என்று எனக்குப் புரியவில்லை.

யாரா நதி (மெல்பர்ன்)

சகோதரி ஆஸ்திரேலியாவைப் பற்றியும் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். இங்கே சுற்றுலா வகை விசிட்டர் விசாவில் 8101 என்ற நிபந்தனை இருக்கும். அதன் பொருள், விசா வைத்திருப்பவர் ஆஸ்திரேலியாவில் வேலை செய்யக்கூடாது என்பதே. எது வேலை என்பதற்கு 1994 ஆம் ஆண்டுக் குடிபெயர்வு ஒழுங்குமுறைகளில் ஒரே வரியில் விளக்கம் இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் வழக்கமாக ஊதியம் கிடைக்கும் செயல். நீங்கள் ஊதியம் வாங்கினீர்களா என்று அது கேட்பதில்லை. அந்தச் செயலுக்கு இங்கே வழக்கமாக ஊதியம் கொடுக்கிறார்களா என்றுதான் கேட்கிறது. இலவசமாகச் செய்கிறேன் என்ற பதில் இந்தக் கேள்விக்கு முன் நிற்காது. அண்ணன் மகள் வீட்டில் தங்கியிருக்கும்போது அவர்கள் வார இறுதியில் வெளியூர் போக, நாயைப் பார்த்துக்கொள்வதை யாரும் ஊதியம் பெறும் செயல் என்று சொல்லமாட்டார்கள். முன்பின் தெரியாதவருடைய வீட்டில், இணையதளத்தின் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, தேதி குறித்து, பொறுப்பேற்றுத் தங்குவது வேறு. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு விழும் என்பது அந்தந்த நேரத்தில் அதிகாரியின் பார்வையைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் பொய்யான தகவல் தந்ததாகக் கண்டால் மூன்றாண்டுகள் வரை அடுத்த விசா கிடைப்பது தடைப்படும்.

நியூசிலாந்து இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. அங்கே ஆதாயத்துக்காகவோ பலனுக்காகவோ செய்யும் எந்தச் செயலும் வேலை. பணமதிப்பில் கணக்கிடக்கூடிய எதுவும் ஆதாயம், அதற்கு எடுத்துக்காட்டாக உணவையும் தங்குமிடத்தையுமே குடிவரவுத் துறை சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரி 27 முதல் விசிட்டர் விசாவில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்காகக் கணினியில் வேலை செய்யலாம் என்று அவர்கள் விதியைத் தளர்த்தியதைப் பார்த்து, இதுவும் அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்தத் தளர்வு கோயம்புத்தூர் அலுவலகத்தின் கணக்கை ஆக்லாந்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கானது. ஆக்லாந்துப் பூனையைப் பார்ப்பதற்கு அது பொருந்தாது.

ஸ்கார்பரோத் தமிழன் (டொராண்டோ)

அமெரிக்காவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அந்த வழியாக விமானம் மாறுவதாக இருந்தால்கூடத் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு நிகழ்வுகள் உண்டு. இரண்டும் செய்தித்தாள்களில் விரிவாக வந்தவை. 2022 இல், கனடாவில் ஒரு வீட்டில் தங்கிப் பூனையைப் பார்த்துக்கொள்வதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்ட ஒரு பெண்ணை, லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் அதிகாரிகள் நிறுத்தி விசாரித்தார்கள். தங்குமிடத்துக்கு ஈடாகப் பிராணிகளைப் பார்த்துக்கொள்வது வேலைதான் என்ற முடிவோடு அவரை ஆஸ்திரேலியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர் கனடாவுக்குப் போகும் வழியில் அங்கே விமானம் மாற இறங்கியவர் என்பதைக் கவனியுங்கள். 2025 பிப்ரவரியில், பிரிட்டனைச் சேர்ந்த ஓர் இளம்பெண் அமெரிக்காவிலிருந்து தரைவழியாகக் கனடாவுக்குள் வர முயன்றார். இங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, வீட்டு வேலைகளில் உதவுவதாக ஏற்பாடு. கனடா அதிகாரிகள் அவரிடம் அதற்குரிய விசா இல்லை என்று உள்ளே விடவில்லை. திரும்பிய இடத்தில் அமெரிக்க அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமாவில் உள்ள தடுப்பு நிலையத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் இருந்த பிறகே அவர் வீடு திரும்பினார்.

முதலாமவருடைய வழக்கில் பிராணி, இரண்டாமவருடைய வழக்கில் சமையலறை, தோட்டம் போன்றவை. இருவரும் பணம் வாங்கவில்லை. இருவருமே தாங்கள் செய்வது தவறு என்று எண்ணிப் புறப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் நல்ல மனத்தோடு உதவப் போகிறவர்கள்தான் அதிகாரி கேட்டவுடன் எல்லாவற்றையும் மலர்ந்த முகத்தோடு விளக்குகிறார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் பி1/பி2 எனப்படும் அமெரிக்க வருகையாளர் விசா பத்து ஆண்டுக்கு இருந்தாலும், விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி அதை அங்கேயே ரத்து செய்யலாம். நீங்களே நுழைவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்கலாம். விரைவு வெளியேற்ற ஆணை பிறப்பித்தால் ஐந்து ஆண்டுத் தடை வரும். கைப்பேசியைத் திறந்து பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. வீட்டுக்காரருடன் பேசிய செய்திகளும், இணையதளத்தில் உங்கள் பெயரின் கீழ் முந்தைய வீட்டுக்காரர்கள் எழுதிய பாராட்டுகளும் எல்லாம் அதில் இருக்கும் அல்லவா?

கனடாவின் விளக்கம் சற்று மாறுபட்டது. சம்பளமோ தரகோ கிடைக்கும் செயல் வேலை. அது கிடைக்காவிட்டாலும், தொழிற்சந்தையில் கனடா நாட்டவருடனும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவருடனும் நேரடியாகப் போட்டியிடும் செயலும் வேலை. ஒருவர் கட்டணம் பெற்று நாயை நடத்திச் செல்லும் தெருவில், நீங்கள் இலவசமாக நடத்திச் சென்றால் அது போட்டியா என்பதுதான் இங்கே எழும் கேள்வி. எல்லையில் நிற்கும் அதிகாரி போட்டிதான் என்று சொல்லிவிட்டால், அந்த இடத்தில் வாதாடி வெல்வது நடக்கிற காரியமல்ல.

மல்லிகைப்பந்தல் (மதுரை)

இதைப் படித்ததும் எனக்குக் கலக்கமாகிவிட்டது. என் தாயார் அடுத்த மாதம் லண்டனில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போகிறார். பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறார், அங்கே ஒரு நாயும் உண்டு. இதையும் வேலை என்பார்களா?

தேம்ஸ்கரை (லண்டன்)

கலங்க வேண்டாம் அம்மா. உறவினர் குறுகிய காலம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதை இங்குள்ள உள்துறையின் வழிகாட்டுதலே ஏற்றுக்கொள்கிறது, குழந்தை பராமரிப்பாளராக வேலைக்கு அமர்த்தப்பட்டதாக அது ஆகக்கூடாது, அவ்வளவே. உங்கள் தாயாருக்கும் தம்பிக்கும் உள்ள உறவு ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது. மகன் வீட்டில் தங்குகிறேன், பேரனைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். ஆறு மாதம் தங்கிவிட்டு ஊருக்கு வந்த கையோடு மறுபடி விமானம் ஏறும் பழக்கம் மட்டும் வேண்டாம். அடுத்தடுத்த வருகைகளால் இங்கேயே வாழ்வதாக அதிகாரிகள் கருத இடம் கொடுக்கக்கூடாது.

நொய்யல்வாசி (கோயம்புத்தூர்)

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அந்த அம்மையாருக்கு இவற்றையெல்லாம் விளக்கி எழுதினேன். இப்படி ஒரு விதி இருப்பதே தமக்குத் தெரியாது என்றும், என்னை இக்கட்டில் மாட்டிவிட விரும்பவில்லை என்றும் பதில் போட்டார். பூனைகளுக்கு உள்ளூரிலேயே ஆள் தேடுகிறார். ஆனாலும் ஆசை விடவில்லை. சொந்தச் செலவில் விடுதியில் தங்கிக்கொண்டு, பகலில் மட்டும் வந்து பூனைகளைப் பார்த்துவிட்டுப் போனால் சரியாகுமா? இல்லையென்றால், சட்டப்படி இதைச் செய்வதற்கு என்னைப் போன்றவர்களுக்கு வேறு வழியே கிடையாதா?

யாரா நதி (மெல்பர்ன்)

விடுதியில் தங்கினால் தங்குமிடம் என்ற ஆதாயம் நீங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலிய விளக்கத்தில் ஆதாயம் பற்றிய பேச்சே இல்லை என்பதால், இங்கே அது உங்களைக் காப்பாற்றாது. சரியான வழி என்று நான் சொல்வது, வேலை செய்யவே அனுமதிக்கும் விசா. இந்தியர்களுக்கு வொர்க் அண்ட் ஹாலிடே எனப்படும் 462 வகை விசா 2024 இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,000 இடம், 18 முதல் 30 வயது வரை, குலுக்கல் முறையில் தேர்வு. அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இருப்பதால், பூனை பார்த்துக்கொள்வது வேலையா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது.

தேம்ஸ்கரை (லண்டன்)

விடுதி யோசனையைப் பற்றி நானும் அதையே சொல்வேன். சேவை என்ற பகுதி அப்படியே இருக்கிறது.

இங்கிலாந்துக்கும் அதுபோன்ற ஒரு வழி உண்டு. இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம் என்ற பெயரில் 2023 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு 3,000 இடம். 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும், இளங்கலைப் பட்டமோ அதற்கு மேலோ வேண்டும், சேமிப்பில் 2,530 பவுண்ட் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும், உங்களைச் சார்ந்த குழந்தைகள் இருக்கக்கூடாது. கிடைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை இங்கே தங்கி வேலை செய்யலாம், பிரிஸ்டலில் பூனையும் பார்த்துக்கொள்ளலாம். குலுக்கலில் பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லை. இரண்டே நாள்தான் திறந்திருக்கும், ஒரு குலுக்கலுக்கு ஒருவர் ஒருமுறைதான் பெயர் கொடுக்கலாம். "குலுக்கலில் பெயர் வரவைக்கிறேன்" என்று பணம் கேட்பவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

யாரிடமாவது கட்டணம் கொடுத்து ஆலோசனை கேட்பதானால், வழக்கறிஞர் அல்லாதவர் குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்ற பெயரில் இருந்த அதே அமைப்புதான் இது. பதிவேட்டை அவர்களுடைய இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம்.

பட்டச் சான்றிதழையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசா என்பதால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ மையங்களில் மட்டுமே அதை எடுக்க வேண்டும், மற்ற மருத்துவமனைகள் தரும் சான்று செல்லாது. குலுக்கலில் பெயர் வந்த பிறகு அந்த மையத்தில் நேரம் வாங்கிக்கொண்டால் போதும்.